அக்கா மகன் நினைவாகக் கால்பந்துப் போட்டி: திரளும் பணத்தை எதற்குச் செலவிடலாம்?

தாய்மாமன்_கோத்தகிரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்து, இந்த மலையில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கடந்த பிப்ரவரியில் என் அக்காவின் மகன், இருபது வயதுப் பிள்ளை, மாலைப் பயிற்சியின்போது எங்கள் மைதானத்திலேயே விழுந்து இறந்து போனான். வருகிற பிப்ரவரியில் ஓராண்டு நிறைகிறது. அந்த நாளை ஒட்டி அவன் பெயரில் எழுவர் கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தி, சேரும் பணத்தை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அவனுடைய கூட்டாளிகள் என்னிடம் வந்து கேட்டார்கள். நான் தாய்மாமன் என்பதால் முடிவைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திய இடம். கீழ்ப்பக்கம் வேலி கிடையாது. பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உருண்டு ஓடை வரைக்கும் போய்விடும். யார் இறங்கி எடுப்பது என்று பையன்களுக்குள் தினமும் தகராறு நடக்கும். பெரும்பாலும் அவனே இறங்குவான். அன்றும் பந்தை எடுத்துக்கொண்டு மேலேறி வந்து, உள்ளே தட்டிவிட்டு, நாலு எட்டு நடந்தவன் குப்புற விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வலிப்பு என்று நினைத்து ஒருவன் பைக் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தான். இன்னொருவன் முகத்தில் தண்ணீர் அடித்தான். தொண்டையிலிருந்து குறட்டை போன்ற சத்தம் விட்டு விட்டு வந்ததால் மூச்சு இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். மேகம் இறங்கி எதிர்க் கோல்கம்பமே தெரியாத நேரம் அது. 108க்கு அழைத்துவிட்டு, காத்திருக்க மனமில்லாமல் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். மருத்துவமனையில் நாடி பார்த்தவர் தலையை அசைத்தார். பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்ததாக எழுதினார்கள்.

இப்போது வீட்டிலும் குடியிருப்பிலும் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. பையன்கள் பெரிய கோப்பையும் ரொக்கப் பரிசும் வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் மாரியம்மன் கோயிலில் அன்னதானம் போட்டால் போதும் என்கிறார்கள். அக்கா இதுவரை ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்: "ஃபிளக்ஸ் மட்டும் வைக்காதீர்கள், என் பிள்ளை முகம் மழையில் நனைந்து கிழிந்து தொங்குவதை நான் பார்க்க மாட்டேன்." அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

செவன்ஸ்_கோலி எழுதியது:

அண்ணா, முதலில் என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பந்தலூர்ப் பக்கம் பத்தாண்டுகளாகக் கோல் காக்கிறவன். எங்கள் கேரள எல்லையோரத்தில் செவன்ஸ் எனும் எழுவர் ஆட்டத்துக்கு எவ்வளவு கூட்டம் திரளும் என்பது நீங்கள் அறியாததன்று. பையன்கள் கேட்பதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். கூடலூரிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் நல்ல அணிகள் வர வேண்டுமானால் ரொக்கப் பரிசு இருந்தாக வேண்டும்; நல்ல அணிகள் வந்தால்தான் கூட்டம் வரும்; கூட்டம் வந்தால்தான் நன்கொடை சேரும். பரிசில்லாத போட்டிக்கு நாலு உள்ளூர் அணிகள் மட்டும் வந்து, மதியச் சாப்பாட்டோடு கலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவனுடைய பெயருக்கு அப்படி ஒரு குறை வரக்கூடாது.

இதயப்பிரிவுச்_செவிலி எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகள் இதயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது குன்னூரில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. போட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் சொல்லப்பட்ட தசைத் தடிப்பு, பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இந்தப் பிள்ளைக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், போட்டிக்குத் தேதி குறிப்பதற்கு முன் அவர்களையும் பெற்றோரையும் ஈ.சி.ஜி.க்கும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவுக்கும் அழைத்துப் போங்கள். விளையாடும்போது மயக்கம், நெஞ்சு படபடப்பு, மேடேறும்போது வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு ஆகியவை யாருக்காவது இருந்தால் நாளைக்கே போங்கள்.

அடுத்து, அன்று மாலை நடந்ததைப் பற்றி. பையன்கள் மீது யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. அவர்களும் தங்களையே நொந்துகொண்டிருக்கக் கூடாது. இதயம் திடீரென்று நின்ற விளையாட்டுவீரனுக்குக் கைகால் இழுப்பதும், குறட்டை போல விட்டு விட்டுச் சத்தம் வருவதும் அடிக்கடி நடப்பவை. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அது வலிப்பாகவும் மூச்சாகவும்தான் தெரியும். விளையாடிக்கொண்டிருந்தவர் மோதலின்றித் தானாக விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் விழிக்காமல், மூச்சு சீராக இல்லாமல் கிடந்தால், இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சாவியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒருவர் 108ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட வேண்டும். இன்னொருவர் அந்த நொடியே மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் பலசாலிக்கும் கை தளர்ந்துவிடும். இப்படி அழுத்தாமலும் மின்னதிர்வு கொடுக்காமலும் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. நம் மலைச் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளில், மேகத்துக்குள் ஒரு வண்டி எவ்வளவு விரைவாக வந்துவிட முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

மின்னதிர்வு கொடுக்கும் கருவியை ஏ.இ.டி. என்பார்கள். திறந்தால் அதுவே பேசும். இரண்டு ஒட்டுப் பட்டைகளை எங்கே ஒட்ட வேண்டும் என்று படம் போட்டிருக்கும். இதயத் துடிப்பைத் தானே படித்து, தேவையிருந்தால்தான் அதிர்வு கொடுக்கும். படிக்காதவரும் கையாளலாம். விலை ஒரு லட்ச ரூபாயை ஒட்டி வரும். ஊர்களில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது: 2023இல் அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கும் மாத்திரைகள் மாரடைப்புக்கானவை, நினைவோடு நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு அவை பெரிய உதவி. இதயமே நின்று விழுந்தவருக்கு வாயில் எதையும் கொடுக்க முடியாது. கையும் கருவியும்தான் மருந்து.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அன்று அந்த மைதானத்தில் எது இல்லாமல் போயிற்றோ அதை அங்கே கொண்டுவந்து வைப்பதற்கு அவன் பெயரால் திரளும் பணம் போகட்டும்.

தாய்மாமன்_கோத்தகிரி எழுதியது:

அம்மா, அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பதினாறு வயது. உங்கள் பதிலை அக்காவிடம் வாசித்துக் காட்டும்போது பாதியிலேயே என் குரல் நின்றுவிட்டது. அவள் பள்ளியில் கபடி ஆடுகிறவள். மேடேறும்போது மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் அவள் சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரும் திங்கட்கிழமை மூவரும் போகிறோம், நானும் பார்த்துக்கொள்கிறேன்.

கொடைக்கானல்_உடற்கல்வி எழுதியது:

உடற்கல்வி ஆசிரியனாக இருபது ஆண்டுகளாகக் கொடைக்கானலில் இருக்கிறேன். செவிலி அம்மா சொன்னதை ஒவ்வொரு விளையாட்டாசிரியரும் படிக்க வேண்டும். இறந்துபோன இளையவரின் பெயரால் விளையாட்டு நடத்தி நிதி திரட்டுவது உலகத்தில் பல இடங்களில் வேரூன்றிய வழக்கம். அவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அவை நேராகப் பொருந்துகின்றன.

கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோயால் வலது காலை இழந்த பிறகு, 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று, 22 வயதில் இறந்தார். அவர் பெயரால் 1981 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் வெற்றியாளர் என்று யாரும் கிடையாது. நடக்கிறவரும் ஓடுகிறவரும் ஒன்றே. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. முதற்பரிசு இல்லாமலேயே ஒரு பெயர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று பிரிட்டனில் 1995இல் அலிசன் காக்ஸ் தொடங்கிய சி.ஆர்.ஒய். (Cardiac Risk in the Young, இளையோரின் இதய ஆபத்து) என்ற அமைப்பு. திடீர் இதய மரணத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அதன்வழியே அந்தப் பிள்ளையின் பெயரில் நினைவு நிதி வைத்து, ஓட்டமும் போட்டியும் நடத்தித் திரட்டும் பணத்தில் இளைஞர்களுக்கு இதயப் பரிசோதனை செய்கிறார்கள். அப்படியென்றால் நாமும் போட்டியன்று எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஈ.சி.ஜி. எடுத்துவிடலாமா என்று செவிலி அம்மாவைக் கேட்க விரும்புகிறேன்.

இதயப்பிரிவுச்_செவிலி எழுதியது:

நல்ல கேள்வி ஆசிரியரே. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டுக்காரர்களுக்கு ஈ.சி.ஜி.யோடு கூடிய பரிசோதனை சட்டப்படி கட்டாயம். அந்த நாட்டின் வெனெட்டோ பகுதியில் இளம் விளையாட்டுவீரர்களின் திடீர் இதய மரணம் 2004ஆம் ஆண்டுக்குள் 89 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு வெளியானது. ஆனால் அங்கே அதைப் படித்துச் சொல்லும் விளையாட்டு மருத்துவர்கள் தனியாக இருக்கிறார்கள். நன்றாகப் பயிற்சி செய்யும் பையனின் ஈ.சி.ஜி. இயல்பாகவே சற்று மாறியிருக்கும். அனுபவமில்லாதவர் பார்த்தால் நோயில்லாதவனை நோயாளி ஆக்கிவிடுவார், நோயுள்ளவனை அனுப்பியும் விடுவார். ஒரு நாள் முகாமில் நூறு பேருக்கு எடுத்து, ஐயமுள்ளவர்களை எக்கோவுக்கு அனுப்பி, அதன் பிறகும் தொடர்ந்து பார்க்க ஆளில்லாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை. முதலாண்டுப் பணத்துக்குப் பயிற்சியும் கருவியும் போதும். மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றால் பரிசோதனையை அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.

கணக்கர்_கூடலூர் எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கம் ஒரு நினைவுப் போட்டியில் திரட்டிய தொகைக்குக் கடைசிவரை கணக்கு வரவில்லை. யாரும் எடுத்ததாக நான் சொல்லவில்லை, எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இறந்த பிள்ளையின் பெயர் அந்தச் சண்டையில் இழுபட்டதைப் பார்த்து அவனுடைய தகப்பனார் ஊரைவிட்டே போய்விட்டார். ஆகவே உங்களுடைய சொந்தக் கணக்கிலோ, உங்கள் கைபேசியின் ஜிபே எண்ணிலோ ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

உங்கள் குடியிருப்பில் பதிவுபெற்ற இளைஞர் மன்றம் இருந்தால் அதன் கணக்கிலேயே வாங்குங்கள். இல்லையென்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். இரண்டு பேர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக வருமான வரித்துறையின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை கிடையாது. முதலாண்டில் இந்தத் தலைவலி தேவையில்லை. எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், வரவு செலவுப் பேரேடு, போட்டி முடிந்த பத்தாம் நாளில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டும் கணக்கு, இவை போதும். கருவியோடு செலவு முடிந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்: பட்டைகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டியிருக்கும். முதல் வசூலிலேயே அதற்கென்று ஒரு பங்கை வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள்.

குன்னூர்_மலைவாசி எழுதியது:

தேதியைப் பற்றி ஒரு சொல். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. 2009 நவம்பர் நிலச்சரிவை யாரும் மறக்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன் கூட்டம். வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் உண்டு. ஆகவே வெளி அணிகளுக்குத் திண்டாட்டம். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. பிப்ரவரியே சரியான மாதம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் டிரம்மும் எவர்சில்வர் டம்ளரும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரு_தாய் எழுதியது:

என் மகன் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு எல்லோரும் அவனைப் பற்றிப் பேசினார்கள். பிறகு என் மனம் நோகும் என்று நினைத்து அவன் பெயரையே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய நோவு இல்லை. உங்கள் அக்காவுக்குப் படம் வேண்டாம் என்றால் படம் வேண்டாம். ஆனால் மைக்கில் அவன் பெயரைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

செவன்ஸ்_கோலி எழுதியது:

நான் முன்பு எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். 2021 ஜூன் 12 அன்று யூரோ கோப்பையில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்ததை நேரலையில் பார்த்தவன் நான். சக வீரர்கள் அவரைச் சுற்றி வெளிப்பக்கம் திரும்பி வட்டமாக நின்று கேமராவுக்கு மறைத்துக்கொண்டார்கள். உள்ளே மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். கருவியால் ஒரே அதிர்வில் இதயம் திரும்பியது. 2022 உலகக் கோப்பையில் அவர் மறுபடியும் ஆடினார். அதே விளையாட்டில், 2003 ஜூன் 26 அன்று பிரான்ஸின் லியோன் நகரில், கேமரூனின் மார்க் விவியன் ஃபோயே விழுந்து எழவில்லை. அவருக்கும் இதயத் தசை தடித்திருந்தது. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும், பத்தாண்டுகளில் நான் ஆடிய ஒரு மைதானத்திலாவது இந்தக் கருவி இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ரொக்கப் பரிசு வேண்டாம் அண்ணா. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை வையுங்கள். ஒவ்வோர் அணியிலும் மூன்று பேராவது மார்பை அழுத்தும் பயிற்சி பெற்றிருந்தால்தான் களத்தில் இறங்க முடியும் என்று அறிவியுங்கள். கூடலூர், பந்தலூர் அணிகளை அழைத்து வருவது என் பொறுப்பு.

தாய்மாமன்_கோத்தகிரி எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதில் தராமல் இருந்ததற்கு மன்னிக்கவும். அக்காவுக்கும் எனக்கும் எக்கோவில் குறை இல்லை. மருமகளுக்கும் இப்போதைக்கு இல்லை. மூச்சு வாங்கியது இரத்தசோகையால் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வளரும் வயதில் பிறகுகூடத் தடிப்பு தோன்றக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். செவிலி அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கோலித் தம்பி சொன்ன நிபந்தனையை அப்படியே ஏற்றுக்கொண்டோம். கோப்பை உண்டு, ரொக்கம் இல்லை. பதிவுபெற்ற மன்றத்தின் கணக்கில்தான் பணம் வாங்குகிறோம். கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் வாக்குவாதம் நீண்டது. பள்ளிக்கூடம் என்றார்கள், மாலையில் பூட்டிவிடுவார்கள். தலைவர் வீடு என்றார்கள், அவர் வெளியூர் போனால் என்ன செய்வது? இராப்பகலாகக் காவலாள் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலை வாசலில், பூட்டில்லாத பெட்டியில் வைப்பதென்று முடிவு செய்தோம். மைதானத்திலிருந்து ஓடிப்போய் எடுத்துவரப் பையன்களுக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது, நேரம் பார்த்துவிட்டோம். பயிற்சி நாளிலும் போட்டி நாளிலும் பெட்டி மைதானத்துக்கே வந்துவிடும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், முதல் பயிற்சி நடந்தது. செவிலி அம்மா குன்னூரிலிருந்து பேருந்து ஏறி, பயிற்சிப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாவிக்கொத்தைக் கையில் திணித்த பையன் முதலில் வாசலுக்கு வெளியிலேயே நின்றான்; அம்மா அவனைத்தான் முதலில் கூப்பிட்டு முழங்கால் போட வைத்தார். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், எல்லோரும் முடித்த பிறகு எழுந்து வந்தார். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்களைக் கோத்துப் பொம்மையின் மார்பில் வைத்து, சத்தமாக எண்ணிக்கொண்டே முப்பது முறை அழுத்தினார். "ஆழம் போதுமா?" என்று கேட்டார். போதும் என்றார் அம்மா. இன்னும் முப்பது அழுத்தினார்.

மைக்கில் பெயர் சொல்லலாமா என்று அன்று இரவு கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

இதுவரை பதினோரு அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. கூடலூர்ப் பக்கத்து அணிகளுக்கு அங்கேயே ஒரு ஞாயிறு பயிற்சி வைக்க வேண்டும். அதற்குப் பொம்மை ஒன்றை இரவல் தரக்கூடியவர்கள் இங்கே எழுதுங்கள். பணம் மிஞ்சினால் மைதானத்தின் கீழ்ப்பக்கம் முழுவதும் வலை கட்டிவிடலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். எத்தனை மீட்டர் வேண்டும், மழைக்குத் தாங்கும் நைலான் வலை எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.